யாருக்குக் கிடைக்கிறது அனுபவம்?

(பொறியியல் மாணவர்கள் நடத்தும் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'ஒரு பொறியாளரின் அனுபவம்'. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பொறியியல் படிக்கிறவர்கள், மீதிப் பேர் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் என்று தோழர்கள் சொன்னார்கள். நான் பொறியாளர் கிடையாது. அரசுத் துறைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர்களின் பணி வாழ்க்கையைப் பற்றி முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறவள். அவர்களிடம் கேட்டதையும், அவர்கள் எழுதிவைத்ததைப் படித்ததையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நிறைய எழுதுகிறார்கள். சங்க மலர்களில் எழுதுகிறார்கள், சொந்தச் செலவில் தன்வரலாறு போடுகிறார்கள், பணிநிறைவு விழாக்களில் பேசுகிறார்கள். பெரும்பாலும் ஒரே வரிசைதான். கிராமம், அரிக்கேன் விளக்கு, கணக்கு வாத்தியார், கிண்டியிலோ கோவையிலோ கல்லூரி, முதல் போஸ்டிங், ஒரு அணை, ஒரு புயல், ஒரு மந்திரியோடு தகராறு. கடைசியில் இளைஞர்களுக்கு அறிவுரை: படிப்பு கொடுத்ததைவிட அனுபவம் கொடுத்தது அதிகம்.

இந்த எழுத்துகளை நான் கேலி செய்ய வரவில்லை. அவற்றில் உண்மையான அறிவு இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி நிற்கிறது. கரையின் அடிவாரத்தில் தண்ணீர் கசிகிறது. அந்தக் கசிவு தெளிவாக வந்தால் ஆள் போட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இனி நேரம் இல்லை. அப்போதும் ஓட்டையை அடைக்கப் பார்க்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மணலும் ஜல்லியும் போட்டு, தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். இது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில், அந்தத் தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பார்த்துச் சொல்கிற கண் புத்தகத்தில் வராது. பல மழைக்காலங்களைப் பார்த்த பிறகுதான் வரும்.

ஆக, வயது அறிவைத் தருகிறது என்பது உண்மை. எனக்கு உள்ள கேள்வி வேறு. அந்த மழைக்காலங்கள் யாருக்குக் கிடைத்தன? அந்த ஏரிக்கு அவரை அனுப்பியது யார்? அணை கட்டும் பிரிவில் ஒருவரையும், அலுவலர் குடியிருப்பில் கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கும் பிரிவில் இன்னொருவரையும் போட்டது யார்? தன்வரலாறுகளில் போஸ்டிங் ஆர்டர் வானத்திலிருந்து விழுவதுபோல வந்து விழுகிறது. அதில் கையெழுத்துப் போட்டவருக்கு ஊர் உண்டு, உறவு உண்டு, சாதி உண்டு என்பது எழுதப்படுவதில்லை.

நான் பேட்டி எடுத்தவர்களில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. 1980-களில் ஒரு அரசுத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவர். பெயரோ துறையோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பணிக்காலத்தின் பெரும்பகுதி பராமரிப்பிலும் கழிவுநீரிலும் கண்மாய்க் கரைகளிலும் போனது. வடிவமைப்புப் பிரிவுக்கு மாறுதல் கேட்டிருக்கிறார். அதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"திட்டி அனுப்பியிருந்தாக்கூட பரவாயில்லம்மா. பாராட்டித்தான் அனுப்புனாங்க. 'உங்களுக்கு ஃபீல்டு வேலை பிரமாதமா வருது, ஆளுங்ககிட்ட வேலை வாங்கத் தெரியுது, உங்கள டிசைன்ல போட்டு வீணடிக்கக் கூடாது'ன்னாங்க. மூணு அதிகாரி மாறுனாங்க. மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. அப்புறம் ஒரு பெரிய திட்டம் வந்துச்சு. ஆள் எடுக்குறப்ப, 'உங்களுக்கு டிசைன் அனுபவம் இல்லையே சார்'னு கேட்டாங்க."

இதில் சாதிப் பெயர் எங்கேயும் வரவில்லை. யாரும் அவரை அவமதிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட இதில் ஒன்றும் கிடையாது. ஆனால் முதலில் அனுபவம் மறுக்கப்படுகிறது, பிறகு அனுபவம் இல்லை என்பதே தகுதிக்குறைவு ஆகிறது. ஆளுங்ககிட்ட வேலை வாங்கத் தெரியுது என்ற பாராட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மண் வேலைக்கும் சாக்கடை வேலைக்கும் வருகிறவர்கள் யார் என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரியும். அவர்களோடு பேச இவரே சரி என்று முடிவு செய்திருக்கிறார்கள். பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, அதிகாரி நாற்காலிக்கு வந்த பிறகும், கழிவுநீரும் மண்ணும் இவர் பக்கமே வந்து சேர்கின்றன. சாதி தொழில்களை மட்டும் பிரிப்பதில்லை, தொழில் செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்கிப் பிரிக்கிறது என்று 1936-இல் அம்பேத்கர் வாதிட்டார். ஒரே பட்டம் வாங்கி, ஒரே பதவியில் இருக்கும் இரண்டு பொறியாளர்களுக்கு இடையிலும் அந்த அடுக்கு வேலை செய்கிறது.

அடுத்து காகிதத்துக்கு வருகிறேன். அரசுப் பணியில் அனுபவம் என்பது உங்கள் கையிலும் கண்ணிலும் இருந்தால் போதாது. மேலதிகாரி வருடாவருடம் எழுதும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். தேவ் தத் என்ற பொறியாளரின் வழக்கை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்தவர், 1988-இல் செயற்பொறியாளர் ஆனவர். கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டுகளும் 'மிக நன்று' என்ற மதிப்பீடு வேண்டும். அவருக்கு 1993-94-ஆம் ஆண்டுக்கு 'நன்று' என்று மட்டும் போட்டிருந்தார்கள். 'நன்று' என்பது கெட்ட மதிப்பீடு இல்லை என்பதால் அதை அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. அந்த ஒரு சொல்லால் பதவி உயர்வு போனது, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள். எந்த மதிப்பீடாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அது சாதி பற்றிய வழக்கு அல்ல. ஆனால் ஒரு பொறியாளரின் பல வருட உழைப்பை, அவருக்கே தெரியாமல், ஒரு சொல் முடக்கிப்போட முடியும் என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்தச் சொல்லை எழுதும் பேனா பல பத்தாண்டுகள் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் ஆட்களின் நிலை புரியும்.

வயதையும் அனுபவத்தையும் பற்றிய சண்டை நேரடியாகவே நீதிமன்றத்துக்குப் போன இன்னொரு வழக்கு இருக்கிறது. கர்நாடகப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களின் வழக்கு அது. பவித்ரா வழக்கு என்று சொல்வார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது உங்கள் எதிர்காலம் சம்பந்தப்பட்டது.

கர்நாடகத்தில் பதவி உயர்வில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருந்தது. ஒரு பட்டியல் சாதிப் பொறியாளர் அந்த ஒதுக்கீட்டில் முதலில் மேல் பதவிக்குப் போகிறார். அவருக்கு முன்னால் பணியில் சேர்ந்த பொதுப்பிரிவுப் பொறியாளர் சில வருடம் கழித்து அதே பதவிக்கு வருகிறார். இப்போது அந்த மேல் பதவியில் சீனியர் யார்? முதலில் வந்தவரே என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். ஆனால் 1995-லும் 1999-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், பின்னால் வந்த பொதுப்பிரிவுக்காரர் தன் பழைய சீனியாரிட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றன. அதை மாற்றத்தான் 2001-இல் நாடாளுமன்றம் 85-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2006-இல் நாகராஜ் வழக்கில் அந்தத் திருத்தத்தை ஏற்ற நீதிமன்றம், நிபந்தனைகளையும் சேர்த்தது. பின்தங்கிய நிலை, போதிய பிரதிநிதித்துவம் இல்லாமை, நிர்வாகத் திறன் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்காட்ட வேண்டும் என்றது. கர்நாடக அரசு அப்படி எதையும் எடுத்துக்காட்டவில்லை என்று 2017-இல் அந்த மாநிலத்தின் சீனியாரிட்டிச் சட்டப் பிரிவுகள் செல்லாமல் போயின. மூன்று மாதத்துக்குள் பட்டியலைத் திருத்தும்படி உத்தரவு வந்தது. அரசு குழு போட்டு, புள்ளிவிவரம் திரட்டி, 2018-இல் புதுச் சட்டம் போட்டது. 2019 மே 10 அன்று அதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தகுதி என்பதைத் தேர்வு மதிப்பெண்ணாக மட்டும் சுருக்கக் கூடாது, சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் உள்ளே கொண்டுவருவதும் நிர்வாகத் திறனின் பகுதியே என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது.

இந்த வழக்கில் எதிர்த்தரப்பின் குறைகளில் ஒன்று வயதைப் பற்றியது. ஒதுக்கீட்டில் வருகிறவர்கள் இளம் வயதிலேயே மேல் பதவிக்குப் போய்விடுகிறார்கள் என்பது அந்தக் குறை. நான் பேட்டி எடுத்த பெரியவரின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியல் சாதிப் பொறியாளர் இளம் வயதில் மேலே போனால், 'இவருக்கு அனுபவம் போதாது' என்கிறார்கள். முப்பது வருடம் களத்தில் கிடந்துவிட்டு வந்தால், 'இவருக்கு இருப்பது வேறு மாதிரி அனுபவம்' என்கிறார்கள். ஒருவருக்கு வயது மரியாதையாகிறது. இன்னொருவருக்கு எந்த வயதிலும் அது போதுவதில்லை.

இந்த அறிவு முதலில் யாரிடம் இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆர்தர் காட்டன் பெயர் உங்களுக்குத் தெரியும். 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டியவர், பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியவர். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டிய பழைய ஆட்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். காட்டனுக்குச் சிலை இருக்கிறது. கல்லணையில் அரசன் பெயர் இருக்கிறது. மணலில் கல்லை இறக்கியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

கண்மாய்ப் பாசனத்திலும் இதே கதைதான். தென் மாவட்டங்களில் நீர்ப்பாய்ச்சி என்றும், வடக்கே நீர்க்கட்டி என்றும் சொல்கிறோமே, மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுகிறவர், அவர் பல ஊர்களில் தலித்தாகவே இருந்தார். ஊரின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் அவர் தலையில் இருந்தது. அவருக்கோ அந்தத் தண்ணீர் பாயும் நிலம் பெரும்பாலும் கிடையாது, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையும் கிடையாது. கசிவு தெளிவா கலங்கலா என்று சொன்னேன் அல்லவா, அதை அந்தப் பெரியவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நீர்ப்பாய்ச்சி. "காலேஜ்ல படிச்சது அன்னைக்குத்தாம்மா எனக்குப் புரிஞ்சுது" என்றார். அவர் நினைவில் அந்த நீர்ப்பாய்ச்சியின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. நான் படித்த தன்வரலாறுகள் பலவற்றில் இப்படிப்பட்டவர்கள் 'ஒரு உள்ளூர்க்காரர்' என்ற அளவில் முடிந்துபோகிறார்கள்.

பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி தொடங்கியது 1794-இல். ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி வந்தது 1847-இல். இந்தக் கல்லூரிகள் வளர வளர, கையால் வேலை செய்கிறவரின் அறிவு 'தொழில்' என்றும், காகிதத்தில் வேலை செய்கிறவரின் அறிவு 'பொறியியல்' என்றும் இரண்டாகப் பிரிந்தது. கைவேலையைத் தீட்டாகப் பார்த்த சாதிகளுக்கு இந்தப் பிரிவினை வசதியாக இருந்தது. மண்ணைத் தொடாமலேயே மண்ணைப் பற்றிய அதிகாரியாக இருக்கலாம் என்று ஆனது. இன்றைக்கும் நாற்பது வருடம் கம்பி கட்டிய மேஸ்திரி, மூன்று மாத அனுபவமுள்ள ஜூனியர் இன்ஜினியரை 'சார்' என்கிறார். அந்த ஜூனியர் அவரை 'யோவ்' என்று கூப்பிடுவதையும் நீங்கள் சைட்டில் கேட்டிருப்பீர்கள்.

அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்திருந்தார். 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்வடிவமான அமைப்பு 1945-இல் அவர் காலத்தில்தான் உருவானது. அதே 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி வைசிராய்க்கு ஒரு மனு கொடுத்தார். அதில் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அதோடு நிறுத்தவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பட்டியல் சாதி இளைஞர்களைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். அதாவது வகுப்பறையில் மட்டும் அல்ல, இயந்திரத்தின் பக்கத்திலும் இடம் கேட்டார். இன்றைய மொழியில் சொன்னால், அனுபவத்திலும் பங்கு கேட்டார்.

தமிழ்நாட்டில் முதல் கோரிக்கையில் நாம் நிறைய தூரம் வந்திருக்கிறோம். பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு போனது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உங்களில் பலர் இந்தக் கதவுகள் வழியாக உள்ளே வந்தவர்கள். ஆனால் இரண்டாவது கோரிக்கை அப்படியே கிடக்கிறது. மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் தேடும்போது அது தெரியும். ஒருவனுக்கு மாமாவின் கம்பெனி இருக்கும், இன்னொருத்திக்கு அப்பாவின் நண்பர் சைட்டில் இடம் கொடுப்பார். முதல் தலைமுறை மாணவர் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கி வருவார். நான்காம் ஆண்டு நேர்முகத் தேர்வில், 'என்ன எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு?' என்று கேட்பார்கள்.

இதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில், பழகுநர் இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு தர வேண்டும் என்ற பிரிவு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் பின்னர் சேர்க்கப்பட்டது. தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் தனியார் நிறுவனங்களையும் இந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகமும் மாணவர்களிடம் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு எதிர்க்கேள்வி உங்களிடம் கட்டாயம் வரும். "பாலம் கட்டுவதற்கு அனுபவசாலி வேண்டாமா? அதில் போய் சாதி பார்க்கலாமா?" என்பார்கள். அனுபவசாலிதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பாலம் விழுந்தால் முதலில் சாவது அதன் மேல் வேலை செய்கிற நம் ஆட்கள்தான், ஆகவே இதில் நமக்கு யாரையும்விட அக்கறை அதிகம். அனுபவம் அவ்வளவு முக்கியம் என்றால், அதைப் பெறும் வாய்ப்பு யார் யாருக்குப் போகிறது என்பதை ஏன் கணக்கெடுக்க மறுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது என்று மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, துறைகளிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்போம். பட்டியல் சாதிப் பொறியாளர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் போதாது. வடிவமைப்பில் எத்தனை பேர், திட்டப் பிரிவில் எத்தனை பேர், தரக் கட்டுப்பாட்டில் எத்தனை பேர், கழிவுநீரிலும் பராமரிப்பிலும் எத்தனை பேர், ஒரே பிரிவில் எத்தனை வருடம் என்று பிரித்துக் கேட்போம். மொத்த எண்ணிக்கையில் சரியாகத் தெரிவது, பிரித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, தொழில் பழகுநர் சட்டத்தின் அந்தப் பிரிவைக் கையில் எடுப்போம். உங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களிடம் எத்தனை பழகுநர் இடங்கள், அதில் ஒதுக்கீடு எத்தனை என்று மாணவர் அமைப்புகள் கேட்கட்டும்.

மூன்றாவது, நம் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். ஊரில் ஓய்வுபெற்ற தலித் பொறியாளர், ஓவர்சியர், லைன்மேன், மேஸ்திரி, நீர்ப்பாய்ச்சி யார் இருந்தாலும் போங்கள். போனில் பதிவு செய்யுங்கள். "நீங்க ஏன் சார் எழுதல?" என்று நான் கேட்டபோது அந்தப் பெரியவர் சொன்னார்: "எழுதலாம்மா. ஆனா உண்மைய எழுதுனா பழைய ஆபீஸ்ல யாரும் என் வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டாங்க. பொய்யா எழுதறதுக்கு அவங்களே இருக்காங்க." அதனால் கரை உடையாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும், மாறுதல் கேட்டபோது என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், அதுவும் இன்னொரு சங்க மலராகத்தான் முடியும்.

இன்னும் முப்பது வருடத்தில் உங்களில் பலர் போஸ்டிங் ஆர்டரில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பீர்கள். யாரை எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறோம், யாருடைய குறிப்பேட்டில் என்ன எழுதுகிறோம், மேஸ்திரியை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதெல்லாம் அன்றைக்கு உங்கள் கையில் இருக்கும். அதற்கான பழக்கத்தை இந்த வாரம் சைட்டுக்குப் போகும்போதே தொடங்கலாம்.

கேள்விகள் இருந்தால் பேசலாம். ஜெய்பீம்.